கிரேக்கப் படகைப் பார்த்துவந்த மாப்பிள்ளை

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, பேக்கரி மாடியில் இருந்தது வனமாமலையின் துப்பறியும் அலுவலகம். காவேரி அங்கே வந்தபோது தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை. தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். வருகிற ஞாயிறு கல்யாணம்.

"ஹனிமூனுக்கு கிரீஸ்ல ஒரு மரப்படகு சார். பாய்மரம் கட்டி தீவு தீவா ஓட்டுவாங்களாம். அதுல ஒரு கேபின் எடுத்துக்கீறோம். என் சேமிப்பு மொத்தமும் அதுலதான் கீது. டிராவல்ஸ் மோகன் ஏமாத்திட்டாரோன்னு பயமா இருக்கு. படகு கேப்டன் போனே எடுக்கறதில்ல."

"யாரை நம்பிப் பணம் கட்டுனீங்க?"

"கட்டிக்கப்போற லோகேஷைத்தான். கம்பெனி டிரெயினிங்குக்கு ஜெர்மனி போனாரு. லீவுல கிரீஸ் போய் நேர்லயே பாத்துட்டு வந்தாரு சார்."

உதவியாளர் எழிலரசி கைப்பேசியை வாங்கிப் படங்களைப் பார்த்தாள். மோகன் அனுப்பிய விளம்பரப் படத்தில், மெருகேறிய மரத்தளத்தில் வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு சாய்ந்திருந்தார்கள். ஏறும் பலகையடியில் ஒரு பிரம்புக் கூடை.

"பழக்கூடை போல! வசதிதான்" என்றாள் எழிலரசி.

அடுத்த படத்தில் அதே தளத்தில் லோகேஷ். கையில் கயிறு, காலில் கறுப்பு சேஃப்டி ஷூ, முகமெல்லாம் சிரிப்பு.

"மோகன்தான் சார் திருடன். சந்தேகமே இல்ல!" யாரையும் பார்க்காமலே தீர்ப்பு எழுதுவதில் எழிலரசிக்கு அலாதி ஆனந்தம். வனமாமலை மாப்பிள்ளையையும் மோகனையும் மறுநாள் அழைத்துவரச் சொன்னார்.

மறுநாள் மோகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்க மேல தப்பில்ல மோகன். நேத்து ராத்திரி கரைக்கு வந்த கேப்டன்கிட்டப் பேசிட்டேன். படகும் நிஜம், பதிவும் நிஜம். நடுக்கடல்ல அவருக்கு சிக்னல் கிடையாது" என்ற வனமாமலை, லோகேஷ் பக்கம் திரும்பினார். "தம்பி, படகுல ஏறும்போது ஷூவைக் கழட்டச் சொல்லலியா?"

"எதுக்கு சார்? கயிறு, கொக்கின்னு கால்ல இடிக்கற எடம். ஷூ போடாம வுடுவாங்களா? சேஃப்டி முக்கியமில்லியா?"

"அது ஒரகடத்து ஃபேக்டரிச் சட்டம் தம்பி. மரத்தளத்துல இந்த ஷூ பட்டா கீறல் விழுந்திரும். ஏறுதவங்க எல்லாரும் கழட்டிக் கூடையில போடணும். எழிலு பாத்த பழக்கூடை அதுதான். அங்க போனவங்களுக்கு முதல்ல தெரியுறது இதுதான். நீங்க போகல. இங்க கம்பெனி லைன்ல எடுத்த போட்டோவை கம்ப்யூட்டர்ல படகோட சேத்திருக்கீங்க. நாள் முழுக்க அதே ஷூவோட நிக்கிறவருக்கு அது கண்ணுல படல."

லோகேஷின் முகம் வெளிறியது.

"வேலை போயிடுச்சு காவேரி. ஜெர்மனின்னு சொல்லிட்டு, இங்கயே சிங்கப்பெருமாள் கோவில் ஊர்ல ரூம் எடுத்துக்கினு கான்ட்ராக்ட் வேலை பாத்தேன். படகைப் பாத்துட்டு வான்னு நீ சொன்னப்போ இன்னா பண்றதுன்னே தெரியல. கல்யாணம் நின்னுடுமோன்னு பயம்."

காவேரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "வேலை போச்சுன்னா சொல்லியிருக்கலாமே. கூட நின்னிருப்பேன். குளுருதுன்னு தினமும் போன்ல சொன்னியே. ஸ்வெட்டர் போட்டுக்கோன்னு நானும் கெஞ்சிக்கினு இருந்தேனே. உனக்குச் சிரிப்பு வந்திருக்குமில்ல?"

லோகேஷ் தலைகுனிந்தான். "ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தான்.

அவள் மோகனைப் பார்த்தாள். "அண்ணா, அந்தப் படகுல ஒரு பேரை எடுத்துடுங்க. நான் மட்டும் போறேன்."