கடல் வெட்டிவைத்த பாதை

"தண்ணி ஏறுது! ஓடுங்க!" என்று கத்திய இன்பராணியால் ஓட முடியவில்லை. சற்றுமுன் பாறையில் வழுக்கி விழுந்ததில் அவள் கணுக்கால் வீங்கியிருந்தது.

வழிகாட்டியாக வந்த லாசர் அவளைத் தாங்கிப் பிடித்தான். தூத்துக்குடியில் இருபது வருஷம் சங்கு குளித்தவன். "சாயங்காலம் வரைக்கும் கரையோரமாவே நடக்கலாம், நான் பொறுப்பு!" என்று காலையில் மார்தட்டியவனும் அவன்தான். அவன் ஊர்க் கடல் ஏற்றத்தின்போதும் முழங்காலுக்கு மேல் உயராது. இந்த எரிமலைத் தீவிலோ ஆள் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது! எல்லாக் கடலையும் தன் ஊர்க் கடல் என்று நினைத்துவிட்டான், மடையன்!

படகு நிற்பது தீவின் மறுபக்கம். நடந்துவந்த மணல் மூழ்கிவிட்டது. முதுகுக்குப் பின்னால் செங்குத்தான கரும்பாறை.

"மேல ஏறுவோம்!" என்றார் மெஹருன்னிசா. இந்தப் பயணத்தின் தலைவி, பாறைகளை ஆராய்பவர். இன்பராணி அவருடைய உதவியாளர்.

லாசர் தொற்றி ஏறி, கயிறு போட்டு இருவரையும் இழுத்துக்கொண்டான். மூன்று ஆள் உயரத்தில் பாறையைக் குடைந்தாற்போல் ஒரு நீண்ட பள்ளம். அதில் சிப்பிகள்! பவளப்பாறை!

"அலை தூக்கி எறிஞ்சிருக்கும் மேடம்."

"இல்ல லாசர், ஒட்டி வளர்ந்த எடத்துலயே நிக்குது பாருங்க! ஒரு காலத்துல கடல்மட்டம் இங்க இருந்திருக்கு. அலை அடிச்சு அடிச்சுக் குடைஞ்ச பள்ளம் இது. அப்புறம் அடியில பொங்குன நெருப்பு தீவையே மேல தூக்கிடுச்சு." அவர் பவளத்தைத் தடவிப் பார்த்தார். மூன்று நாளாக அவர்கள் தேடிய புதையல் இதுதான்.

லாசருக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"கடல் குடைஞ்சதுன்னா மட்டமாத்தான குடைஞ்சிருக்கும்? அப்போ தீவைச் சுத்தி மறுபக்கம் வரைக்கும் போவும்லா!"

மெஹருன்னிசா திகைத்துப் பார்த்தார். "போகும்! நடங்க!"

இன்பராணியை முதுகில் சுமந்து குனிந்து நடந்தான் லாசர். ஓரிடத்தில் பள்ளம் இடிந்து கிடந்தது. கீழே அலை சீறியது. கயிற்றைப் பாறையில் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் படகின் நீலப்பாய் தெரிந்தது!

"மன்னிச்சிருங்க மேடம். ஒங்க ரெண்டு பேரையும் சாகக் கொடுக்கப் பாத்தேன்" என்றான் படகில்.

"நீங்க சொல்லலேன்னா, பவளத்தை அளந்துக்கிட்டு அங்கேயே மாட்டியிருப்போம். நன்றி லாசர்."

லாசர் தீவின் பக்கம் திரும்பினான். பாறையில் ஓடிய அந்தக் கோட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். எந்தக் காலத்துக் கடலோ, யாருக்கோ வழி வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறது!

மறுநாள் பவளத்தை வெட்டியெடுக்கப் படகிலிருந்து அவசரமாக இறங்கப்போன மெஹருன்னிசாவை லாசர் தடுத்தான். கரையில் ஒரு கம்பை நட்டுவிட்டு, தண்ணீர் அதில் எதுவரை ஏறுகிறது என்று பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.