நாளைக் குடிகளுக்கு இரண்டு நிமிடம்

கட்டடம் இன்னும் கட்டப்படவில்லை. அதன் மூன்றாம் மாடிக்காரர் மட்டும் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"என் மகள் இங்கிருந்து பள்ளிக்கு நடந்தே போகிறாள்," என்றது ஒலிபெருக்கி. "தயவுசெய்து எங்கள் வீட்டைக் கட்டுங்கள்."

நகர மன்ற மேடையில் பச்சை விளக்கு சிவப்பானது. மேப்பிள் மேட்டில் ஏற்கெனவே குடியிருப்பவருக்கும் இரண்டு நிமிடம்தான், இனிமேல் வரப்போகிறவருக்கும் இரண்டு நிமிடம்தான்.

எல்லாம் நாளைக்குரல் பொறி செய்த வேலை. அமெரிக்க நகரங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது நாலு வீடு கட்டப் போகிறேன் என்றால் போதும். சுற்றுத் தெருக்காரர்கள் திரண்டு வந்து மைக்கைப் பிடித்து, நிழல் விழும், கார் நிறுத்த இடம் போகும், வட்டாரத்தின் தன்மை கெடும் என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் புலம்பிவிட்டுப் போவார்கள். கட்டுவதே நின்றுபோகும். வீடு கிடைக்காதவன் எங்கோ தொலைவில் கிடப்பான், அவன் எங்கே வந்து பேச? அதற்குத்தான் இந்தப் பொறி. புது வீட்டுக்கு மனுப் போட்டவரின் சம்மதத்தோடு அவருடைய வேலை, நடமாட்டம், பேச்சு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். அவரைப் போலவே வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களோடு ஒப்பிடும். பத்து வருஷம் அந்த வீட்டில் இருந்தபின் அவர் என்ன சொல்வாரோ, அதை இன்றைக்கே அவர் குரலில் சொல்லும்.

கடைசி வரிசையில் மங்கையர்க்கரசி, சுருக்கமாக அரசி, ரயில் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். நகர ரயில் ஓட்டுபவள். கடைசி ரயிலை மேப்பிள் மேட்டில் பாதை முடியும் முனையத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், அதன்பின் அவள் வீட்டுக்குப் போக ரயில் கிடையாது, ஓட்டுவதே அவள்தானே. அவள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வீடு மலைக்கு அந்தப் பக்கம், காரில் இரண்டு மணி நேரம். மறுநாள் முதல் ரயிலும் அவளுடையது என்றால், முனையத்துக் கார் நிறுத்தத்தில் காருக்குள்ளேயே முடங்கிக்கொள்வாள். அந்தக் கார் நிறுத்தத்தில்தான் இப்போது கட்டடம் வரப்போகிறது. வந்தால் அவளுக்கு ஒரு வீடு. வராவிட்டால் அதே கார் சீட்டுத்தான்.

"நாலாம் மாடி, மேற்கு ஜன்னல்," என்று அழைத்தார் கூட்டத் தலைவி டெல்கார்டோ.

ஒலிபெருக்கியில் அரசியின் குரல் வந்தது. "வேலை முடிந்து நடந்தே வீட்டுக்கு வருகிறேன். காலை நீட்டிப் படுக்கிறேன். அவ்வளவுதான், வேறென்ன வேண்டும்?"

அரசி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது எழுந்தார் வைகுந்தநாதன். மென்பொருள் வேலையில் ஓய்வு பெற்றவர், மேட்டின் உச்சியில் தோட்டத்தோடு தனி வீடு. 'மேட்டைக் காப்போம்' என்று அச்சடித்த மஞ்சள் சட்டை போட்டிருந்தார். கூட்டத்துக்கு முன்னாலேயே அரசியைப் பார்த்து, "நம்ம ஊர்ப் பொண்ணா? தப்பா எடுத்துக்காதம்மா. எனக்குக் கோபம் உன்மேல இல்ல, கட்டடத்துமேலதான்," என்று சொல்லியிருந்தார். "அதுல இருக்கப்போறது நான்தானே சார்?" என்று அவள் கேட்டதும் முன்வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

இப்போது மைக்கில் மிக மரியாதையாகப் பேசினார். "பொறியை யாரும் கேள்வி கேட்கலாம் என்று சட்டமே சொல்கிறது. முனையத்துக்கு மேற்கே ஒரு பழைய பெட்ரோல் பங்க் காலியாகக் கிடக்கிறது. அங்கேயும் இப்படி ஆறு மாடி எழுப்பினால் நாலாம் மாடி அம்மையார் என்ன சொல்வார்?"

பொறி கொஞ்சம் யோசித்தது.

"வேண்டாம்," என்றது அரசியின் குரல். "என் ஜன்னலில் மாலை வெயில் போய்விடும். நாங்கள் இங்கே அமைதியாக இருக்கிறோம். வட்டாரத்தின் தன்மை கெட்டுவிடும்."

மண்டபமே சிரித்தது. மஞ்சள் சட்டைகள் கைதட்டின. "அவரும் நம் கட்சிதான்," என்று வைகுந்தநாதன் உட்கார்ந்தார்.

அரசிக்கு முகம் எரிந்தது. அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். விடுவிடுவென்று போய் மைக்கைப் பிடித்தாள்.

"நான் அப்படிப் பேசினாலும் பேசுவேன். வீடு கிடைத்ததும் நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்களே, எனக்கென்ன தனியாகக் கொம்பா முளைத்திருக்கிறது? ஆனால் அந்த நாலாம் மாடிக்காரி நாளைக்குப் பேசப்போவதற்கு, நான் இன்றைக்குக் காரில் தூங்க முடியாது. தீர்மானத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக்கும் எதிராக நான் இந்த மைக்கில் வாயைத் திறந்தால், அந்த நொடியே மைக்கை அணைத்துவிடுங்கள். அவள் வாயை இப்போதே நான் கட்டுகிறேன்."

தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுக்கத் தடையில்லை என்றார் நகரத்தின் வழக்கறிஞர். ஒரே ஒரு ஓட்டில் கட்டடம் பிழைத்தது.

பத்து வருஷம் ஓடிப்போனது. விடுமுறை நாட்களில் அந்த மேற்கு ஜன்னலோரம்தான் அரசி டீ குடிப்பாள். வெயில் சரிந்து வந்து தரையெல்லாம் பரவும். ஒருநாள் பெட்ரோல் பங்க் வேலியில் ஆறு மாடிக்கான அறிவிப்பு தொங்கியது. பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, 'அய்யோ, என் ஜன்னல்.' அடுத்த நிமிடம் பொறியை ஒரு கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

அந்த வாரமே கதவைத் தட்டினார் வைகுந்தநாதன். கண் பார்வை போய்க்கொண்டிருந்தது, ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிவிட்டார்கள். தானே ஓடும் ஆளில்லாக் கார்கள் மேட்டுச் சந்துகளில் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. வீட்டு வாசலில் பஸ் நிற்காது. பஸ் நிறுத்தம் வேண்டாம் என்று ஒரு காலத்தில் மைக்கில் முழங்கியவர் அவரேதான்.

"பங்க்ல வர்ற கட்டடத்துல தரைத்தளத்துக்கு மனுப் போட்டிருக்கேம்மா," என்றார். "ரயில் பக்கம், டாக்டர் பக்கம். ஆனா உன் கட்டடத்துக்குப் புதுசா வந்தவங்க எல்லாம் எதிர்க்கிறாங்க. நீ வந்து ஆதரிச்சுப் பேசினா..."

"போறது என் ஜன்னல் சார்."

"தெரியும்."

"அன்னிக்குச் சிரிச்சீங்க."

"சிரிச்சேன்," என்றார். கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து பேசறேன். உங்களுக்காக இல்ல. அந்தப் பொறி என்னைப் பத்திச் சொன்னது பொய்யாகணும்."

கூட்டத்தில் இந்தத் தடவை மஞ்சள் சட்டை போட்டிருந்தவர்கள் அரசியின் மாடிப்படியில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள். மைக் முன்னால் அவள் நின்றதும், "அது அணைந்துவிடுமே," என்று ஒருவன் கிண்டலடித்தான். மைக் அணையவில்லை.

"மறையப்போவது என் ஜன்னல்தான். அந்த வெயில் எனக்கு ரொம்பப் பிடிக்கும், பொறி சொன்னது சரி. போகட்டும். கட்டுங்கள்."

சொந்தக் கட்டடத்துக்காரர்களே ஊளையிட்டார்கள். அவள் இடத்தை விட்டு அசையவில்லை. மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி எழுந்து, "தரைத்தளத்துப் பெரியவரிடம் ஒரு கேள்வி. பெட்ரோல் பங்க்குக்கு அடுத்த மனையில் எட்டு மாடி வந்தால்?" என்று பொறியைக் கேட்டாள்.

"வேண்டாம்," என்றது வைகுந்தநாதனின் குரல், இன்னும் கொஞ்சம் தளர்ந்து. "இருக்கிற வீடுகளே போதும். வட்டாரத்தின் தன்மை என்று ஒன்று..."

பழைய சிரிப்பே திரும்பவும் எழுந்தது. வைகுந்தநாதன் தடுமாறி எழுந்து ஒலிபெருக்கியைப் பார்த்து, "வாயை மூடுய்யா," என்றார். தமிழில் சொன்னதால் அரசிக்கு மட்டும்தான் புரிந்தது.

இப்போதும் டெல்கார்டோதான் தலைவி. "மங்கையர்க்கரசி மாதிரி நீங்களும் உங்கள் மைக்கை விட்டுக்கொடுக்கிறீர்களா? இல்லையென்றால் ஓட்டு எப்படிப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது."

வைகுந்தநாதன் மைக்குக்கு வந்தார். கைத்தடியை மேடையோரம் சாய்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்த அடுத்த கட்டடம், நிச்சயம் எட்டு மாடியா?" என்று கேட்டார்.

"எத்தனை மாடியா இருந்தா என்ன சார்," என்றாள் பக்கத்திலேயே நின்ற அரசி. "இப்பவும் யாரோ ஒருத்தி கார்ல தூங்கிட்டுதான் இருக்கா. சொல்றதுன்னா சொல்லுங்க, இல்லேன்னா போய் உக்காருங்க."

அவர் கசப்பு மருந்து குடிப்பவரைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எழுதிக்கொள்ளுங்கள்," என்றார்.

மறுபடியும் ஒரே ஓட்டு. அரசி அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கி, மேட்டுக்குப் போகும் ரயிலைப் பிடிக்க அழைத்துப் போனாள். பாதி வழியில் அவர் நின்றார்.

"இருந்தாலும் எட்டு மாடிங்கறது இந்த இடத்துக்குக் கொஞ்சம்..."

"மைக் ஆஃப் சார்," என்றாள் அரசி. "வாங்க, ரயில் வந்துடுச்சு."