திரை காட்டாத கறுப்பு

எக்ஸ்ரே அறை அந்த மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. ஒரு காலத்தில் அதை ஒட்டி ஃபிலிம் கழுவும் இருட்டறை இருந்தது. இப்போது அங்கே உடைந்த சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஃபிலிம் போய்விட்டாலும் அதைக் கழுவிய மருந்தின் புளித்த வாடை சுவரை விட்டுப் போகவில்லை. மழை பெய்தால் கிளம்பி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

அவள் அந்த அறைக்கு மாற்றலாகி வந்த காலையிலும் மழைதான். குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டே விளக்கைப் போட்டாள். புது இயந்திரம் மின்னியது. ஒரு வாரத்துக்குள் மருத்துவமனை முழுவதும் அவளை எக்ஸ்ரே அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. அவளைவிட மூத்த ஆயாக்கள்கூட அக்கா என்றார்கள். வேலைக்கு வந்த இடத்தில் வயதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள்.

இயந்திரத்தைப் பொருத்திய சர்வீஸ் இன்ஜினியர் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். நோயாளி நெஞ்சை ஒட்டி நிற்கும் பலகைக்குப் பேனல் என்று பெயர். எதிரே உள்ள குழாயிலிருந்து கிளம்பும் கதிர் உடம்பைத் துளைத்துக்கொண்டு பேனலில் வந்து விழும். பேனலுக்குள் லட்சக்கணக்கான நுண்புள்ளிகள். தன் மேல் எவ்வளவு கதிர் விழுந்தது என்பதை ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும். எலும்பு தடுத்த இடம் வெள்ளையாகத் தெரியும். காற்று வழிவிட்ட இடம் கறுப்பாகத் தெரியும்.

"ஆனா பேனல் பார்க்கிறதை எல்லாம் திரையால காட்ட முடியாது மேடம்" என்றான். "அத்தனை சாம்பல் நிறம் திரைகிட்ட கிடையாது. இருந்தாலும் நம்ம கண்ணு பிரிச்சுப் பார்க்காது. அதனால ஒரு துண்டை மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டும். மௌஸை இழுத்தீங்கன்னா அடுத்த துண்டு வரும்."

நுரையீரலுக்கு ஒரு துண்டு, எலும்புக்கு ஒரு துண்டு. அந்த இரண்டுக்குள்ளேயே அவளுடைய வேலை முடிந்துவிடும். அதற்கும் அப்பால், உடம்பைச் சுற்றியிருக்கும் வெறும் காற்று. படத்தில் அது கரியைப் பூசியது போலக் கிடக்கும். அந்தப் பக்கம் யாரும் மௌஸை இழுத்ததில்லை. வெறும் காற்றில் என்ன நோய் வந்துவிடப் போகிறது?

அவளும் இழுத்திருக்க மாட்டாள். லாரி டிரைவர் ஒருவர் இருமலோடு வந்தார். தோள்பட்டையின் மேல் ஒரு சிறு வீக்கமும் இருந்தது. வழக்கம் போல அவரைப் பேனலில் சாய்த்து நிறுத்தி, கனத்த கதவைச் சாத்தி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. வீக்கத்தின் விளிம்பு மட்டும் கறுப்போடு கறுப்பாகக் கரைந்துபோயிருந்தது. தோலின் கோடு தெரியட்டும் என்று மௌஸை இழுத்தாள். எலும்புகள் வெளுத்து மறைந்தன. உடம்பு ஒரு வெள்ளைத் திட்டானது. சுற்றியிருந்த கறுப்பு மெல்லச் சாம்பலாகப் பிரிந்தது.

அதற்குள் ஓர் ஆள் நின்றிருந்தது.

அவள் சட்டென்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். டிரைவர் தனியாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அறையில் வேறு ஈ, காக்கை இல்லை.

மறுபடி திரையைப் பார்த்தாள். எலும்பு இல்லை, சதை இல்லை. அந்த இடத்தில் காற்றே கொஞ்சம் கெட்டியானது போல ஒரு தலை, கழுத்து, சரிந்த தோள். படத்தின் ஓரத்தில், டிரைவருக்குப் பின்னால், வரிசையில் தன் முறைக்காகக் காத்திருப்பது போல நின்றது.

சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான். முன்னால் எடுத்த படத்தின் மிச்சம் சில நேரம் பேனலில் தங்கும், அடுத்த படத்தில் நிழலாட்டம் விழும், எங்கள் தொழிலில் அதற்குப் பேயுருவம் என்றே பெயர் என்றான். பயப்பட ஒன்றுமில்லையாம். அவளும் நிம்மதியாகத்தான் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அன்று காலை அவள் எடுத்த முதல் படமே டிரைவருடையதுதான்.

சில வாரம் கழித்து டிரைவர் திரும்பி வந்தபோது அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. இருமல் நின்றுவிட்டது, இப்போது மூச்சுதான் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்றார். அவரைப் பேனலில் நிறுத்தும்போது அவள் காதருகே தணிந்த குரலில் ஒன்று சொன்னார்.

"உள்ள யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்மா."

படம் வந்தது. நுரையீரல் கண்ணாடி போல இருந்தது. அவள் மௌஸை இழுத்தாள்.

ஓரத்தில் இருந்தது இப்போது ஓரத்தில் இல்லை. டிரைவரின் முதுகோடு ஒட்டி நின்றது. அதன் கை அவருடைய விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்திருந்தது. விரல்கள் நீளமாக இருந்தன. ஒவ்வொரு விரலிலும் ஒரு கணு அதிகம்.

அந்த வாரமே அவர் இறந்துபோனார். காரணம் மூச்சுத்திணறல் என்று எழுதினார்கள்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. மாடிக்கு ஏறினாள். அங்கே படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர், ஜன்னலை மூடிய அறையில், பெரிய திரைகளுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசாத மனிதர். அவள் டிரைவரின் படத்தைத் திறந்து மௌஸை இழுத்துக் காட்டினாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். சிரிப்பார் என்றுகூட எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதை நான் என்னன்னு எழுதறது?" என்றார் கடைசியில். "எழுதினா எந்த டாக்டருக்கு அனுப்பறது? எந்த மருந்து குடுப்பாங்க?"

அவள் படத்தை மூடினாள்.

"அந்தப் பக்கம் இழுக்காதீங்க. நான் இழுக்கறதில்ல."

இழுத்துப் பார்க்காதவர் இப்படிச் சொல்ல மாட்டார் என்பது மாடிப்படி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்கத் திரும்பவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது?

சில வாரங்கள் ஒன்றுமில்லை. அவளால் இழுக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு படத்திலும் இழுத்தாள். எல்லாவற்றிலும் கறுப்பு பிரிந்தால் வெறும் சாம்பல்தான். டிரைவரோடு அதுவும் போய்விட்டது என்று மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினாள். சோறு இறங்கியது. தூக்கம் வந்தது.

அப்போதுதான் தங்கை படம் எடுக்க வந்தாள்.

பெற்றோர் போன பிறகு அக்காவும் தங்கையுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கை குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவள். குளத்தின் ஒரு முனையில் மூழ்கினால் மறுமுனையில்தான் தலையைத் தூக்குவாள். கரையில் நிற்கும் பிள்ளைகளின் அம்மாக்கள்தான் மூச்சுவிட முடியாமல் தவிப்பார்கள். வேலையில் தொடர வருடா வருடம் நெஞ்சுப் படம் காட்ட வேண்டும். அக்கா கையிலேயே இயந்திரம் இருக்க வெளியில் எதற்கு என்று நேராக வந்துவிட்டாள். பேனலில் முகவாயை வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடி என்றால் சாயங்காலம் வரை பிடிப்பேன், மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதே என்று கேலி செய்தாள்.

படம் வந்தது. நீச்சல்காரியின் அகன்ற, சுத்தமான நுரையீரல்.

தங்கையை அனுப்பிவிட்டு அவள் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். வெளியே வராந்தாவில் யாரோ தரை துடைத்தார்கள். வாளி நகரும் சத்தம் கேட்டது. இழுக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை கேட்கவில்லை.

எலும்புகள் வெளுத்தன.

கறுப்பு பிரிந்தது.

ஓரத்தில் அது நின்றிருந்தது. டிரைவரின் படத்தில் அதன் தலை நேராக இருந்தது. இதில் சற்றே திரும்பித் தங்கையின் பக்கம் பார்த்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் செய்யாதது இல்லை. பேனல்தான் கெட்டுவிட்டது என்று சண்டை போட்டு, புதிது வரவழைத்தாள். சர்வீஸ் இன்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டே மாற்றினான். தங்கையை ஏதோ சாக்குச் சொல்லி மறுபடி நிறுத்தினாள். பழைய குருடி கதவைத் திறடி. அது இன்னும் நெருங்கியிருந்தது. நகரத்தின் மறுகோடியில் இருந்த வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே வேறு இயந்திரம், வேறு பேனல், வேறு ஆள். தெரிந்தவர் என்பதால் திரைக்கு முன் உட்கார விட்டார்கள். அவர் தேநீர் வாங்கப் போன இடைவெளியில் மௌஸை இழுத்தாள். தங்கையின் தோளில் அதன் கை விழுந்திருந்தது.

இயந்திரம் எதையும் கொண்டுவரவில்லை. அங்கே இருந்ததை அவளுக்குக் காட்டியது, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படித் தள்ளிவிடுவது? தங்கை தூங்கும்போது அவள் முதுகுப் பக்கமாகப் படுத்துக்கொண்டாள். இடையில் இடம் இருக்கக் கூடாது என்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தங்கை முனகினாள். மேலே சாய்ந்தது போதும், கனக்கிறது, தள்ளிப் படு என்றாள்.

அக்கா கையைத்தான் போட்டிருந்தாள். சாயவில்லை.

தங்கைக்குக் குளத்தின் பாதி தூரம் போவதே பாடாகிவிட்டது. பிறகு மாடிப்படி. பிறகு பேச்சு. ஒவ்வொரு டாக்டரும் படத்தைத் திரையில் பார்த்து, குறை எதுவும் இல்லையே என்று அவளையே கேட்டார். கடைசியில் ஒருநாள் மத்தியானம் தங்கை எக்ஸ்ரே அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட மறைக்காதேக்கா. நீ ஏதோ பார்க்கிற."

அவள் மறுத்தாள். தங்கை மௌஸின் மேல் இருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தாள். இருவருமாகத்தான் இழுத்தார்கள்.

தங்கை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. திரையில் விலா எலும்புகளுக்குள் மடங்கியிருந்த அந்த விரல்களை, பாடம் படிப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வலிக்கலக்கா" என்றாள். குரல் காற்றாக வந்தது. "ரோடு தாண்டும்போது சின்னப் பிள்ளை கையைப் பிடிச்சுக்குவோமே, அப்படிப் பிடிச்சிருக்கு. விட மாட்டேங்குது. அவ்வளவுதான்."

பிறகு கேட்டாள்: "இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதா?"

அக்கா மௌஸை விட்டுவிட்டு அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தங்கை தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மேல்மாடி வார்டில், நல்ல வெயில் நேரத்தில், ஆக்சிஜன் முகமூடிக்குள்ளேயே தங்கையின் உயிர் போனது. சிலிண்டர் நிறைந்திருந்தது. குழாயில் அடைப்பில்லை. நர்ஸ்கள் ஓடிவந்தார்கள், டாக்டர் நெஞ்சை அழுத்தினார். அக்கா அவளுடைய வலது கையைக் கடைசி வரை விடவில்லை. இடது கை கட்டிலுக்கு வெளியே சற்று உயர்ந்து நின்றது. விரல்கள் எதையோ பற்றியது போல மூடியிருந்தன. உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் அது இறங்கவில்லை. நர்ஸ்தான் மெல்லப் பிடித்துக் கீழே வைத்தாள்.

வேலையை விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து எந்தச் சுவரைப் பார்ப்பது என்று அவள் திரும்பி வந்தாள். மாடியில் படம் பார்த்த டாக்டர் போய்விட்டிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் மௌஸை அந்தப் பக்கம் இழுப்பதை விட்டாள். நுரையீரல் துண்டு, எலும்புத் துண்டு, அடுத்த ஆள். வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதையும் விட்டாள்.

மழைக்காலம் முடிந்தபோது சர்வீஸ் இன்ஜினியர் புது மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். அது தானாகவே படத்தைப் பார்த்து, இது கையா காலா நெஞ்சா என்று கண்டுபிடித்து, படம் சரியாக விழுந்திருக்கிறதா என்பதையும் கீழே ஒரு வரியில் எழுதிவிடும். உங்கள் வேலை பாதி குறைந்தது என்றான். நாளைக் காலையில் யாரையும் நிறுத்தாமல் வெறும் அறையை ஒருமுறை எடுத்துவிடுங்கள், பேனல் சுத்தமா என்று அது சரிபார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னான்.

மறுநாள் நோயாளிகள் வருமுன் அவள் அறையைக் கூட்டினாள். பேனலைத் துடைத்தாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சுவர், குழாய், பேனல், தரையில் விழுந்த விளக்கொளி. வேறொன்றுமில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

திரையில் படம் மேலிருந்து கீழாக இறங்கியது. மௌஸை இழுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வழக்கமான சாம்பலிலேயே, வெள்ளை வெளேரென்று விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு அகன்ற நுரையீரல்கள்.

கீழே மென்பொருள் தன் வரியை எழுதியது:

நெஞ்சு. நின்ற நிலை. மூச்சு முழுமையாக இழுத்துப் பிடிக்கப்பட்டுள்ளது.