கோட்டுப் பைக்குள் ஒரு கூடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் மீதும் சத்தியம். நம்பாதவர்கள் இப்போதே எழுந்துபோய் வீட்டுப்பாடம் எழுதலாம்.

நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தையற்கடை. கடைக்காரருக்கு ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. உருண்டை முகம் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘பொத்தான்’.

பொத்தான் ஓர் அட்டைப்பெட்டியில் ஆறு அந்துப்பூச்சிப் புழுக்களை வளர்த்தாள். காலையும் மாலையும் ஆமணக்கு இலை போடுவாள். அவை தின்கிற சத்தத்தைக் கேட்டு, மழை பிடித்துவிட்டதென்று மூன்றாம் மாடி அம்மாள் காயப்போட்ட துணிகளையெல்லாம் உள்ளே எடுத்தார். புழுக்கள் நான்கு முறை தோலுரித்தன. ஒவ்வொரு முறையும் பொத்தான் அளந்து நோட்டில் குறித்தாள். நான்காம் முறை அப்பாவின் அளவு நாடா போதவில்லை.

ஒருநாள் பெட்டியில் ஐந்துதான் இருந்தன. ஆறாவது, கை நீளம் குறைக்க நான் கொடுத்திருந்த கோட்டின் உள்பையில் இருந்தது. கோட்டை வாங்கப் போனபோது, கைவிட்டுப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். மூலையில் கெட்டியாகக் கூடு கட்டியிருந்தது. மறுநாள் காலை என் அக்கா மகனுக்குக் கல்யாணம்.

“ஒரே நிமிஷம் ஐயா. பிச்சுப் போட்டுட்டுத் தேச்சுத் தர்றேன்,” என்றார் தையற்காரர்.

“ஐயோ அப்பா! பிச்சா உள்ள இருக்கிறது செத்துடும்!”

“அதுக்கு? ஐயா என்ன, துண்டைப் போத்திக்கிட்டா கல்யாணத்துக்குப் போவாரு?”

“எனக்கென்ன பாரம்? அதோடயே போட்டுக்கறேன்,” என்றேன்.

“வேணாம் தாத்தா. அங்க எல்லாரும் உங்களைக் கட்டிப்பிடிப்பாங்க. நசுங்கிடும்.”

என்னைக் கட்டிப்பிடிக்க ஆள் இருக்கிறது என்று அவள் நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

பொத்தான் பையை உள்ளும் புறமும் பார்த்தாள். “அப்பா, பை தனித் துணிதானே? பையையே பிரிச்சு எடுத்துடலாம். நீங்க வேற பை வெட்டுங்க.”

சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, கூடு அசையாமல் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். அறுபத்து நான்கு தையல். முடியும்வரை அவள் மூச்சே விடவில்லை.

கூடு இருந்த பையை, கடைக்குள் கட்டியிருந்த கொடியில் இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். நான் பூப்போட்ட திரைச்சீலைத் துணியில் தைத்த புதுப் பையோடு கல்யாணத்துக்குப் போய்வந்தேன்.

பதினெட்டாம் நாள் காலை. “தாத்தா, ஓடி வாங்க!”

ஓடினேன். கூட்டைத் துளைத்துக்கொண்டு பூச்சி வெளியே வந்திருந்தது. கட்டைவிரல் பருமன் உடம்பு. இறக்கைகள்தாம் பாவம், பிழிந்த கைக்குட்டைபோல ஈரமாகச் சுருங்கிக் கிடந்தன.

தையற்காரர் முகம் வாடிவிட்டது. கசங்கிய எதையும் அவர் கடையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக் கொண்டுவந்தார்.

“அப்பா! என்ன பண்றீங்க?”

“லேசான சூடுதான்மா.”

“கீழ வைங்க முதல்ல! தொங்கிக்கிட்டே அதுவா விரிச்சுக்கும். தொட்டா இறக்கை கோணிக்கும், அப்புறம் பறக்கவே முடியாது.”

“ஓரத்தை மட்டும்...”

“ஓரமும் வேணாம்!”

இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். அப்பாவை முக்காலியில் உட்காரவைத்து, பொத்தான்களெல்லாம் அறுந்த சட்டை ஒன்றை மடியில் போட்டாள். “இதைத் தைங்க. கை சும்மா இருந்தாத்தான் உங்களுக்கு வம்பு.”

அவர் ஏழாவது பொத்தானைத் தைத்து முடித்தபோது நாலு இறக்கைகளும் விரிந்துவிட்டன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. ஒரு சுருக்கம் இல்லை.

தையற்காரர் கிட்டே நின்று பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். “நான்கூட இவ்வளவு சுத்தமாத் தேச்சதில்லைம்மா,” என்றார்.

சாயங்காலம் பூச்சி பறந்தது. அது அடித்த காற்றில் மேசைமேல் கிடந்த வெட்டுத் துணிகள் தெருமுனைவரை போய்விட்டன. பொத்தான் சிரித்துக்கொண்டே பொறுக்கி வந்தாள்.

என்னிடம் கோட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை.