நேரில் அளந்தது

முதல் தடவை அளந்தபோது கதவின் அகலம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தது. நோட்டில் குறித்துவிட்டு, பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை டேப்பைப் பிடித்தாள். ஐம்பத்தெட்டு. டேப்பின் கொக்கி தேய்ந்திருக்கும் என்று அதைத் திட்டினாள். அந்த டேப்பை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பிற்பகல் மூன்று மணி. தேவாலயத்தில் அவளையும் அக்காவையும் தவிர யாரும் இல்லை. அக்கா அங்கே ஆர்கன் வாசிப்பவள். இவள் கட்டட வரைபடம் போடுபவள். காற்றுக் குழல்களால் ஒலிக்கும் அந்தப் பெரிய ஆர்கனின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவு வழியாக ஒருக்களித்து நுழைந்தால், உள்ளே நீளமாக ஒரு சந்து. சந்தின் ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் சுண்டுவிரல் அளவிலிருந்து ஆள் உயரம் வரை வரிசை வரிசையாக ஈயக் குழல்கள், எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி, பழைய தோலும் பல்லி எச்சமும் கலந்த ஒரு வாடை. முன்வரிசைக் குழல்களுக்கு நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளியில் மட்டும் வெளிச்சம் வந்தது. அதன் வழியே அக்காவின் பெஞ்ச் தெரிந்தது.

"உள்ள எலி ஏதாவது இருக்கா?" அக்கா வெளியிலிருந்து கேட்டாள்.

"இருந்தா அதுக்கும் அளவு எடுத்துடறேன்."

"போன வாரமே அளந்துட்டேன்னு சொன்ன?"

"ஒரே ஒரு அளவு விட்டுப்போச்சுக்கா."

வாய் கூசாமல் சொன்ன பொய். விட்டுப்போனது ஓர் அளவு இல்லை, அத்தனை அளவும். போன வாரம் அவள் இந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

ஆர்கனை விரிவாக்க சபைக் கமிட்டிக்கு ஆசை. அறுபது வருடங்களுக்கு முன்பே அந்த ஆசை இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் புது அமைப்பை வரைந்தும் கொடுத்திருக்கிறார். கட்டவில்லை. அந்தப் பழைய சுருளைப் போதகர் அவளிடம் தந்து, இப்போது ஆர்கன் எப்படி இருக்கிறதோ அதை அளந்து ஒரு தாள் போட்டுக் கொடு என்றார். சுருளில் இரண்டு தாள்கள். ஒன்று அன்றைய நிலை, மற்றது உத்தேசம், அதாவது கட்ட நினைத்த புது அமைப்பு. பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் எல்லா அளவும் மணிமணியான எழுத்தில் இருந்தன. இருக்கிற ஆர்கன்தானே, அறுபது வருடத்தில் வளர்ந்தா விடப்போகிறது என்று அவள் வீட்டில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்து வரைந்தாள். மேலே "தற்போதைய நிலை, நேரில் அளந்தது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அவள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. இன்று காலையில்தான், தாள்களைத் திருப்பித் தரச் சுருட்டும்போது, பூச்சி அரித்த மூலையில் பாதி எழுத்துகள் கண்ணில் பட்டன. உத்தேசம். அவள் பிரதி எடுத்தது கட்டப்படாத ஆர்கனை.

"அஞ்சு மணிக்குப் போதகர் உன் தாளைக் கமிட்டிக்கு எடுத்துட்டுப் போறார்," என்றாள் அக்கா. "என் தங்கச்சி ஒரு மில்லிமீட்டர்கூட தப்பு விடமாட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். என் பேரைக் கெடுத்துடாத ஸ்கேல்."

ஸ்கேல் என்பது சின்ன வயதில் அக்கா அவளுக்கு வைத்த பெயர்.

ஐந்து மணிக்குள் சரியான தாளைப் போட்டு மாற்றிவிட வேண்டும். எந்தக் கட்டையை அழுத்தினால் எந்தக் குழல் ஒலிக்கும் என்றும் குறிக்க வேண்டியிருந்தது. குழல்களுக்குக் காற்று ஊதும் மோட்டார் ஓடும்போது பேச்சு கேட்காது. அதனால் உள்ளே இருப்பவர் ஆர்கனின் மரச்சட்டத்தில் ஒரு தடவை தட்டினால் வெளியே இருப்பவர் அடுத்த கட்டையை அழுத்துவார். அக்கா மோட்டாரைப் போட்டாள். எங்கோ தரைக்கு அடியில் ஒரு பெருமூச்சு எழுந்து, சந்து முழுக்க மெல்ல அதிர்ந்தது.

அவள் தட்டினாள். ஒரு சுரம். குறித்தாள். தட்டினாள். அடுத்தது. பத்துப் பன்னிரண்டு குழல்கள் தாண்டிய பிறகுதான் அந்த வாசனையை உணர்ந்தாள். பழைய தூசிக்கு நடுவே அப்போதுதான் இழைத்த மரத்தின் வாசனை, கூடவே சூடு ஆறாத பசை. முதுகை ஆசுவாசமாகச் சுவரில் சாய்த்தாள். சில்லென்று கல் படவில்லை. வழவழப்பாக, இளஞ்சூடாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்க்க முயன்றாள். நுழையும்போது தோள்பையோடு தாராளமாக நடந்த சந்தில் இப்போது தோள் திரும்பவில்லை.

டேப்பை நீட்டினாள். முப்பத்தொன்று.

அந்த எண் அவளுக்குத் தெரியும். அவள் கையாலேயே எழுதியது. புது அமைப்பில் சுவரை ஒட்டி மரக்குழல்கள் ஒரு வரிசை வரும். அதனால் சந்து முப்பத்தொரு சென்டிமீட்டராகும். கதவு இருந்த இடத்தில் என்ன வரும் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த வரைபடத்தில் கதவே கிடையாது. அங்கே உயரமாக ஒரு மரக்குழல் நிற்கும்.

வந்த வழியே பக்கவாட்டில் நகர்ந்தாள். சட்டைப் பொத்தான்கள் ஈயத்தில் உரசிக் கீச்சிட்டன. கதவு இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தாள். மரம். விளிம்பு இல்லை, கீல் இல்லை, ஒரு மயிரிழை வெளிச்சம்கூட இல்லை.

பைக்குள் அந்தத் தாளின் நகல் இருந்தது. தட்டுத்தடுமாறி எடுத்து, பென்சிலால் குறுக்கே கோடு போட்டாள். தவறு, தவறு என்று எழுதினாள். கையெழுத்தைக் கிறுக்கி அழித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்திட்ட அசல் போதகரின் மேசையில் இருந்தது.

"அக்கா. அந்தத் தாளைக் கிழிச்சிடு. போதகர்கிட்ட போய்க் கிழிச்சிடு."

மோட்டார் அதை விழுங்கியது. அவள் மரத்தில் படபடவென்று தட்டினாள்.

அக்கா அடுத்த கட்டையை அழுத்தினாள். அதற்கடுத்தது. அதற்கடுத்தது. தங்கை இன்று ஒரே சுறுசுறுப்பு என்று நினைத்திருப்பாள். தட்டத் தட்ட சுரம் இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு சுரத்துக்கும் முதுகுக்குப் பின்னால் மரம் ஒரு நூல் நெருங்கியது. தட்டுவதை நிறுத்தினால் நெருங்காதோ என்று தோன்றியது. நிறுத்தினாள். கை கீழே இறங்கவில்லை. இறங்க இடம் இல்லை.

மோட்டார் நின்றது.

"முடிஞ்சுதா?" அக்காவின் குரல். "ஏய் ஸ்கேல்."

இப்போது கத்தினால் கேட்கும். அவள் மூச்சை இழுத்தாள். நெஞ்சு விரியவில்லை. முன்னால் ஈயம். பின்னால் மரம். இடுக்கு வழியே அக்கா தெரிந்தாள். எழுந்து பக்கவாட்டுக்குப் போனாள். திரும்பி வந்தாள். தேடுகிற முகம் அவளிடம் இல்லை. அங்கே ஒரு கதவு இருந்ததே அவளுக்கு நினைவில்லை போலிருந்தது.

"எங்க போனா இவ? சொல்லிட்டுப் போற பழக்கமே கிடையாது."

அக்கா இடுக்கருகே வந்தாள். கண் நேருக்கு நேர். ஒரு சாண் தூரம். அந்தக் கண்ணில் அவள் விழவில்லை.

அக்கா. இங்க. இங்கதான்.

உதடு அசையவில்லை.

இடுக்கு வழியே அக்காவின் கை நுழைந்தது. சின்ன வயதில் காய்ச்சலுக்கு நெற்றியில் வைத்த அதே கை. விரல்கள் நெற்றியைத் தொட்டன. கன்னத்துக்கு இறங்கின. அழுகையும் ஆசையுமாக அவள் காத்திருந்தாள். தெரிந்துகொள்வாள். தொட்டால் தெரியாதா. விரல்கள் உதட்டுக்கு மேல் நின்றன. தடவிப் பார்த்தன.

பிறகு நகத்தால் தட்டின.

டொக். டொக்.

உள்ளே வெறும் கூடாக ஒலித்தது.

"நல்ல மரம்," என்றாள் அக்கா. "இதோட கட்டையை இன்னும் அழுத்திப் பாக்கலையே."

கை வெளியே போனது. மோட்டார் ஓடியது. பாதத்துக்கு அடியில் காற்று வந்து முட்டி நின்றது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தரையோரம் காலால் வாசிக்கிற மிதிகட்டைகளில் கடைசியை நோக்கி வெறுங்காலை நீட்டினாள்.