உள்ளே ஆள் இருக்கு

தேவாலயத்து அன்பியக் குழுவினர் மூன்று கேம்பர்வேன்களை வாடகைக்குப் பிடித்துப் பினாங்குத் தீவைச் சுற்றக் கிளம்பியபோதே வெரோனிக்கா முகத்தைச் சுளித்தாள். வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை. பிறந்ததிலிருந்து பார்க்கிற கடலைப் பார்க்க இத்தனை கூத்தா? பத்து ஃபெரிங்கி கடற்கரையில் இறங்கியதும் அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். ஞாயிறு பூசைக்குக் கடைசியாக வருகிற கூட்டம், படத்துக்கு மட்டும் முதல் வரிசை என்று அவர்கள் காதில் விழவே முணுமுணுத்தாள்.

அவர்களிலும் அவளுக்கு ஆகவே ஆகாதவள் ஜூலியானா. பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் கணவன் ஷேன், பாலிக் புலாவ் பக்கம் படகில் மீன் பிடிக்கப் போனவன், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"பாவம், நம்ம வண்டியிலயே வரட்டும் லா" என்று வெரோனிக்காவின் கணவர் இராயப்பன் அவளை ஏற்றிக்கொண்டார். ஏறியதிலிருந்து அவள் மீ கோரெங் நூடுல்ஸ் டப்பாவை நீட்டுவதும் சிரிப்பதுமாக வந்தாள். புருஷனைத் தின்ற கடலுக்கு உல்லாசப் பயணம் வருகிற ஜென்மம் என்று வெரோனிக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம், பாலிக் புலாவ் அருகே ஒரு மீனவக் கிராமத்தில் வண்டிகள் நின்றன. கடல் வற்றியிருந்தது. வெயிலில் சேறு நாறியது. எல்லோரும் கேமராவும் குடையுமாக படகுகள் கட்டும் மர ஜெட்டிக்குப் போனார்கள்.

வெரோனிக்கா இறங்கவில்லை. ஏர்கோன் குளிரில் கண்ணை மூடினாள்.

பின்னால் கழிவறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

விடாமல் விழுந்தது.

எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். "யாரு?"

"ஆள் இருக்கு அக்கா."

வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற கிசுகிசுப்பு. வேறு யார், அந்த ஜூலியானாதான்.

"டேங்க் தண்ணிய காலி பண்ணாத. உங்க வீட்டு பைப்புன்னு நெனப்பா?"

தண்ணீர் நின்றது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாதது எல்லாம் மூடிய கதவிடம் சுலபமாக வந்தது.

"புருஷன் போன கடலுக்கு பல்ல இளிச்சிக்கிட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல? அவன் சாகல லா. உன்கூட குடும்பம் நடத்தறதுக்கு கடலே மேலுன்னு போயிட்டான்."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நெருங்கி வந்து நின்றார்கள்.

இடுக்கின் வழியே சேற்று வாடை வந்தது. அழுகிய வலையின் வாடை.

வெரோனிக்கா தற்செயலாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஜெட்டியின் கோடியில் மஞ்சள் சட்டையில் ஜூலியானா நின்றிருந்தாள். இராயப்பன் அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா."

ஆண் குரல்.

தாழ்ப்பாள் மெல்லத் திரும்பியது.

வெறுங்காலோடு கொதிக்கும் தார்ச்சாலையில் ஓடினாள். அவள் பிடித்து இழுத்த இழுப்பில் இராயப்பன் வந்து கழிவறையைத் திறந்து பார்த்தார். உள்ளே யாருமில்லை. தரைகூட ஈரமில்லை.

"வெயில் லா. தண்ணி குடி" என்றார்.

கதவிடம் தான் சொன்னதை அவரிடம் அவளால் சொல்ல முடியவில்லை. மற்ற வண்டிகளில் இடம் கேட்கவும் வாய் வரவில்லை. காலையிலிருந்து அவர்களைப் பேசியிருந்த பேச்சு அப்படி. திரும்பும் வழி முழுக்க ஜபமாலையை இறுகப் பற்றியபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தி மங்கும் நேரத்தில் டத்தோ கிராமாட்டில் ஜூலியானாவின் வீட்டுமுன் வண்டி நின்றது. பையை எடுத்துக் கொடுக்க இராயப்பன் பின்பக்கம் போனார். இறங்கிய ஜூலியானா, வெரோனிக்காவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தாள்.

"இறங்குங்க. வீடு வந்துருச்சு" என்றாள் மெதுவாக.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டாள். பிறகு வெரோனிக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று முழுக்க இருந்த சிரிப்பு அந்த முகத்தில் இல்லை.

"இன்னிக்கு வரலையாம் அக்கா. உங்ககிட்ட இன்னும் பேசணுமாம்."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இராயப்பன் வண்டியைக் கிளப்பினார். வெரோனிக்கா எழுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

பக்கத்து இருக்கையின் பெல்ட் மெதுவாக நீண்டு வந்தது. ஓர் ஆளின் மார்பளவுக்கு வளைந்து, தானாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டது.