சரிவில் நிறுத்திய கார்

கேட்டைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால் கியர் நியூட்ரலில் இருந்தது; ஹேண்ட்பிரேக் மட்டுமே வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. கியரைப் பார்க்கில் போட்டுவிட்டுத்தான் இறங்கியிருந்தாள், சத்தியமாகப் போட்டிருந்தாள். அந்த ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிலிருந்து கியர் நகராது. உள்ளேயோ ஒருவரும் இல்லை.

வீட்டு வாசலிலிருந்து தெருக் கேட்டுவரை நல்ல சரிவு. போன வருஷம் அவள் கணவர் இதே காரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக்கும் போடாமல், "ஒரு நொடி வேலைதானே" என்று கேட்டைச் சாத்த இறங்கினார். கார் அவர் பின்னாலேயே உருண்டு வந்தது. கேட்டுக் கம்பி இன்னும் வளைந்தே இருக்கிறது.

"அந்தச் சனியனை வித்துத் தொலைடி!" போனில் அக்கா அழுதாள்.

"மாட்டேங்க்கா. உயிரோட இருந்தவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொட விட்டாரா? பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளின்னே கூப்பிட்டாரு. இப்ப நான் ஓட்டறது பொறுக்கலை போல. நானும் ஒரு கை பாத்துடறேன்."

மறுநாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை முடிந்து, அந்தி மங்கலில், மழை ஈரமும் சூடான ரப்பர் வாடையும் மூக்கில் ஏற, காரைச் சரிவில் ஏற்றி நிறுத்தினாள். பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரல். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்லத் தளர்த்தி, வண்டியின் பாரம் அதில் உட்காரும்வரை பொறுத்தாள். மறுபடி பிரேக்கை மிதித்துப் பார்க்குக்கு மாற்றி, எஞ்சினை அணைத்தாள். இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்தாள். இதற்கு மேல் எவனாலும் ஒழுங்காக நிறுத்த முடியாது.

கேட்டைச் சாத்தித் தாழிட்டாள். கம்பிகள் சிவப்பாயின.

பிரேக் விளக்கு. சாவி அவள் உள்ளங்கையில் குத்தியது.

உள்ளே ஹேண்ட்பிரேக் இறங்கும் சத்தம். கியர் நகரும் சத்தம். சிவப்பு அணைந்தது. காலை எடுத்தாயிற்று.

கார் பின்னால் வந்து கட்டையில் முட்டி நின்றது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"நான் சரியாத்தாங்க போட்டேன். அன்னிக்கு நீங்கதான் போடலை!"

ஓட்டுநர் கதவு திறந்தது. கனத்த ஆள் இறங்கியதைப் போலக் கார் ஒருமுறை ஆடி நிமிர்ந்தது. நனைந்த தரையில் காலடிச் சத்தம். பின்சக்கரத்தருகே நின்றது.

கட்டை அசைந்தது.

ஓடலாம். கேட்டைத் திறந்து தெருவுக்கு ஓடிவிடலாம். அவள் ஓடவில்லை. இரண்டே எட்டில் போய்க் கட்டையின் மேல் காலை ஊன்றினாள்.

"எடுங்க பாப்போம்."

சில்லென்று ஐந்து விரல்கள் அவள் கணுக்காலைச் சுற்றின. அதில் ஒன்றில் மோதிரம். அவளே போட்டுவிட்ட மோதிரம்.

அவள் காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள். விரல்களும் அழுத்தின.